வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்

போன பொங்கலன்று, வாங்கிய கரும்பைக் கடிக்க ஆளில்லாமல் அது சுவரோரம் சாய்ந்தே கிடந்தபோது, எங்கள் வீட்டுப் பல் கணக்கை எடுத்தேன். பெரியவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு 32 வீதம் 160 இருக்க வேண்டும். அப்பத்தாவிடம் 3, அப்பாவிடம் 14, அம்மாவிடம் 23, என்னிடம் 27, மனைவியிடம் 30. கூட்டினால் 97. மிச்சம் 63. அறுபத்து மூவரும் முக்தி அடைந்துவிட்டார்கள்.

இப்படியொரு காரியம் ஒரு நாளில் நடந்துவிடாது. மூன்று தலைமுறை உழைத்திருக்கிறோம். குடும்பத்தோடு பல்லைத் தொலைக்க விரும்புகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் வழிமுறைகளை இங்கே எழுதி வைக்கிறேன். முறைக்கு மந்திரம் ஒன்றுதான்: ‘வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.’ மற்றதெல்லாம் அதற்கு உரை.

தொட்டிலிலேயே தொடங்கிவிட வேண்டும். பிள்ளைக்கு ஆறேழு மாதத்தில் கீழ்வாயில் இரண்டு அரிசி எட்டிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் இதற்குப் பல்லுக்கொழுக்கட்டை அவித்து விழாவே எடுக்கிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே தூங்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் ஊறும். பால் பல்லிலேயே தங்கிவிடும். இரண்டு வயதுக்குள் மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஓரம் உதிர ஆரம்பிக்கும். கீழே உள்ளவற்றை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுவதுதான் இம்முறையில் உள்ள ஒரே குறை. யாராவது கேட்டால், “பல்லுல பூச்சி விழுந்திருச்சு” என்று சொல்லுங்கள். பூச்சி எங்கிருந்தோ பறந்து வந்து விழுவது. அதில் நம் பங்கு ஏதுமில்லை. பல்லில் பூச்சி கிடையாது என்று பிரான்ஸ் நாட்டில் பியர் ஃபோஷார் 1728-லேயே எழுதிவிட்டார். மாவையும் சர்க்கரையையும் வாய்க் கிருமிகள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று மில்லர் என்பவர் 1890-ல் விளக்கியும் விட்டார். எங்கள் தெருவுக்கு இன்னும் அந்தத் தபால் வரவில்லை.

இந்தப் பருவத்துக்கென்று ஒரு பொன்மொழி உண்டு: “விழுந்து முளைக்கிற பல்லுதானே!” எங்கள் குடும்பத்தில் அதிகப் பற்களைக் காவு வாங்கியது இந்த ஒரு வரிதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பால் பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, பின்னால் வரும் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைத்திருக்கின்றன. துண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். வர வேண்டியவர் ஃபுட்போர்டில் தொங்குவார். அதைத்தான் தெத்துப்பல் என்கிறோம்.

அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று இருக்கிறது. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய பற்கள் முளைக்கும். விழுந்தால்தான் புதுப்பல் என்று நாம் நம்புவதால், இவற்றையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இவை விழுந்து முளைக்காதவை. சாகும்வரை மெல்லுவதற்கென்று வந்தவை. மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதால் ஒட்டினது எதுவும் லேசில் வராது. முளைத்த சூட்டோடு அந்தப் பள்ளங்களை மெழுகிவிட ஒரு பூச்சு இருக்கிறது. ஊசி வேண்டாம், குடைய வேண்டாம், கொஞ்ச நேர வேலை. ஆகவே அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது.

எனக்குப் போன பல் இந்த நான்கில் ஒன்றுதான். வலது பக்கம், கீழே. அறிவுப்பல் நான்கும் எனக்கு முளைக்கவே இல்லை. காரணம் கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். ஆக 28-ல் ஒன்று போய் 27. ஒன்பது வயதில் அந்தப் பல்லில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அம்மா பார்த்துவிட்டு அந்தப் பொன்மொழியைச் சொன்னார். பதினொன்றில் கொய்யா விதை போய் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குக் குழி. பதினான்கில் பிடுங்கினார்கள். “முளைச்சிரும்பா” என்று எங்கள் ஐயா, அதாவது தாத்தா, தேற்றினார். அவர் போய்ச் சேர்ந்தே இருபது வருஷம் ஆகிறது. நான் இன்னும் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன்.

பல் தேய்க்கும் கலைக்கு வருவோம். காலையில் தேய்ப்பதில் தமிழனை மிஞ்ச ஆளில்லை. வாசலில் நின்று, வாய் நிறைய நுரையோடு, பேப்பர் படித்து, எதிர்வீட்டுக்காரரோடு அரசியல் பேசி, கடைசியில் தெருவே எழுந்திருக்கும்படி நாக்கு வழித்து முடிக்க அரை மணி நேரம். ராத்திரி மட்டும் தேய்க்கவே கூடாது. பகலில் எச்சில் ஊறி ஊறிப் பல்லைக் கழுவிக்கொண்டிருக்கும். ராத்திரியில் அந்தக் காவல் இல்லை. கிருமிகளுக்கு ஆறேழு மணி நேரம் தடையற்ற பணிச்சூழல் கிடைக்கிறது. முந்திரி பக்கோடா, பால், அதன்மேல் ஒரு பிஸ்கட் என்று அடுக்கிவிட்டுப் படுத்துவிடுவது நல்லது. ஒருமுறை இனிப்புச் சாப்பிட்டால் வாயில் அமிலம் தணிய அரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையாக முடித்துக்கொண்டால் அரை மணியோடு போச்சு. ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் நாள் முழுவதும் அமிலம். நிதானம் வேண்டும்.

பிரஷ் விஷயத்தில், முடி உள்ளதிலேயே முரடானதாகப் பார்த்து வாங்கி, தோசைக்கல் தேய்ப்பது போல இடவலமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். ஈறோரத்தில் பல்லின் கழுத்து தேய்ந்து, ஐஸ் தண்ணீர் பட்டால் தலை உச்சி வரை சுர்ரென்று ஏறினால் சரியாகத் தேய்க்கிறீர்கள் என்று பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பிரஷுக்கு ஓய்வூதியம் கிடையாது. முடி தாமரைபோல் விரிந்த பிறகும் பல் தேய்க்கும்; அப்புறம் அப்பாவுக்கு டை அடிக்கும்; அப்புறம் தையல் மிஷினுக்குள் தூசி தட்டும்; கடைசியாகக் குத்துவிளக்கின் இடுக்குகளில் உயிரை விடும்.

பேஸ்ட்டில் உப்பு இருக்கிறதா, கிராம்பு இருக்கிறதா, கரி இருக்கிறதா என்று ஆராயுங்கள். டியூபின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் மூலிகை, கறுப்பு இருந்தால் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்புங்கள். அந்தக் கட்டம், டியூபை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று பேக்கிங் மிஷினுக்குக் காட்டும் குறி. மூலிகைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பேஸ்ட்டில் பார்க்க வேண்டியது ஃபுளோரைடு ஒன்றைத்தான். அதனால்தான் அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும் என்கிறார்கள். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்கினால்தான் மாதம் இரண்டு டியூப் வாங்க முடியும்.

வேப்பங்குச்சிக்காரர்கள் இந்த இடத்தில் ‘ஆலும் வேலும்’ என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பழமொழியில் வருவது வேலமரம், வேம்பு அல்ல. தெரிந்துகொண்டு சண்டை போடுங்கள். குச்சியை மென்று நாராக்கி, ஒவ்வொரு பல்லாக நிதானமாகத் தேய்த்த நம் முப்பாட்டன்கள் தப்பித்தார்கள். இன்று ஒரு குச்சியை வாயில் செருகிக்கொண்டு செல்போன் பார்க்கிறவருக்கு அந்தப் பெருமை சேராது.

ஃபுளோரைடு என்றதும் நினைவு வருகிறது. என் மனைவிக்கு ஊர் தருமபுரிப் பக்கம். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரித்திருக்க மாட்டாள். பல்லில் பழுப்புப் பட்டை. சின்ன வயதில் ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று எங்கள் சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பேஸ்ட்டில் மேலாகப் படும் ஃபுளோரைடு பல்லைக் காக்கும். அதுவே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லிலேயே கறையை நெய்துவிடும். தேய்த்தால் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து சேர்ந்தது 2013-ல். அதற்குள் அவளுக்குப் பல்லெல்லாம் முளைத்து, கல்யாணமும் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதிகப் பல் வைத்திருப்பவள் அவள்தான் என்பதைப் பொங்கல் கணக்கு வந்த பிறகுதான் கவனித்தோம்.

இனி வலி. பல்வலி பகலில் வராது. சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, ஊரில் ஒரு கிளினிக்கும் திறந்திராத நேரமாகப் பார்த்து வரும். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் பல்லுக்குள் அழுத்தம் ஏறி விண்விண்ணென்று தெறிக்கும். இந்த நேரத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். அம்மா கிராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சு தருவார். அதில் உள்ள யூஜினால் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும் என்பது நிஜம். அளவு மீறினால் ஈறு வெந்துபோகும் என்பதும் நிஜம். பக்கத்து வீட்டு மாமா கற்பூரம் வைக்கச் சொல்வார். ஒரு பெரியப்பா புகையிலையை அதக்கச் சொன்னார். அவர் அப்படி ஒரு பல்வலிக்கு அதக்க ஆரம்பித்தவர். பல் போய்ப் பல வருஷமாகியும் புகையிலை போகவில்லை. மருந்துக் கடைக்காரர் கேள்வியே கேட்காமல் சிவப்பும் மஞ்சளுமாய் நான்கு மாத்திரைகளைக் கவரில் போட்டுத் தருவார். அதில் இரண்டு ஆன்டிபயாடிக். நரம்பு அழன்று வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் நின்றுவிட்டதே என்கிறீர்களா? நின்றது வலி அல்ல, நரம்பு. செத்த பின் எது வலிக்கும்?

எங்கள் முறையின் உச்சக்கட்டம் இந்த இடம்தான். வலி நின்றதும், “பாத்தியா, தானா சரியாப் போச்சு” என்று சொல்லிவிட்டு முறுக்குச் சாப்பிடுங்கள். உள்ளே செத்த நரம்பு அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டி, எலும்பைத் துளைத்துக்கொண்டு கன்னத்துக்கு வரும்வரை ஒரு தொந்தரவும் இருக்காது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் சில சமயம் வெளியே வராமல் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கும். வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்ட ஆரம்பித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் கேலி இல்லை.

ஒருவழியாக நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன், இரண்டு வருஷத்துக்கு முன், இன்னொரு பல்லுக்காக. டாக்டரம்மா கேட்டார், “எப்பலேர்ந்து சார் வலி?”

“நேத்து ராத்திரிலேர்ந்து டாக்டர்.”

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். “வலி நேத்து வந்ததா இருக்கலாம். குழிக்கு மூணு வயசு இருக்கும்.”

மந்திரத்தின் விலைப்பட்டியலை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எங்கள் ஊரில், கறுப்புப் புள்ளியோடு போயிருந்தால் பல் அடைக்கச் சில நூறு ரூபாய். நரம்பு வரை போய்விட்டால் ரூட் கெனால்: உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்து, மலாய் மரமொன்றின் பாலில் செய்யும் கட்டா பெர்ச்சா குச்சிகளை வேருக்குள் செருகி அடைப்பார்கள், அதற்குச் சில ஆயிரம். ரூட் கெனால் செய்த பல் பலவீனமானது. மேலே கேப் போட வேண்டும். இன்னும் சில ஆயிரம். இந்தக் கேப்பைத்தான் எல்லோரும் ‘வலி நின்னுருச்சே’ என்று தள்ளிப்போடுவது. தீபாவளி முறுக்கில் பல் இரண்டாகப் பிளக்கும். பிறகு பிடுங்கி, தாடையில் டைட்டானியம் திருகாணி இறக்கிப் பல் கட்ட வேண்டும், பல பத்தாயிரம். சுவீடனில் பிரானமார்க் என்பவர் 1965-ல் மனிதருக்கு முதன்முதலாக வைத்தது. அற்புதமான கண்டுபிடிப்புத்தான். சில நூறில் முடிந்திருக்க வேண்டிய பல்லை அதற்காகவே வளர்த்து ஆளாக்கிய பெருமை நம்முடையது.

பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அப்பத்தா எச்சரிப்பார். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பிடுங்கிய அன்று செய்யக் கூடாதது ஒன்று உண்டு: கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்புவது. உறைந்த ரத்தம் பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிய, அதற்கு முந்தைய வலியெல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிடும். நாங்கள் தவறாமல் துப்புவோம்.

அப்பாவின் பதினெட்டுப் பற்களில் பாதிக்கு மேல் சொத்தையே இல்லை. முழுசாக, வெள்ளையாக, ஆடி ஆடி விழுந்தவை. ஈறில் ரத்தம் வந்தபோது, பல் தேய்த்தால்தானே வருகிறது என்று தேய்ப்பதைக் குறைத்தார். காரை கட்டியது. சுத்தம் செய்யப் போகச் சொன்னால், “மிஷின் வச்சா பல்லு ஆடிப்போயிரும்” என்றார். பல்லை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது காரை என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் பலமாக உண்டு. அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஜாமீன் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்களே தவிர, அவர் வாயைத் திறந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா தன் கணக்கைச் சுலபமாகச் சொல்வார், “பிள்ளைக்கு ஒரு பல்லு.” வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சுவதில்லை. மசக்கை வாந்தியும் வீங்கிய ஈறும் ‘கர்ப்பமா இருக்கப்போ பல்லுல கை வைக்கக் கூடாது’ என்ற விதியும்தான் உறிஞ்சின. நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை தாராளமாகப் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம்.

தெத்துப்பல்லுக்குக் கிளிப் போடுவதற்கு உகந்த வயது பன்னிரண்டு, பதின்மூன்று. நமக்கு உகந்தது நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள மூன்று மாதம். ஒன்றரை, இரண்டு வருஷ வேலையை மூன்று மாதத்தில் முடித்துத் தர முடியுமா என்று டாக்டரிடம் பேரம் பேசுங்கள். மாப்பிள்ளையின் பல்லை எந்தக் காலத்திலும் யாரும் பார்ப்பதில்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

அப்பத்தாவிடம் ஒரு பல் செட் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் அணியும் நகை. மற்ற நாட்களில் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். தண்ணீரில் வைப்பது சரியான பழக்கம்தான், காய்ந்தால் வளைந்துவிடும். ஆனால் பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ந்து, இப்போது போட்டால் பேச்சுக்குத் தாளம் போடுகிறது. வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துத்தான் போடுவார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது என்று அப்பத்தாவிடம் சொன்னேன். “எனக்கு எண்பத்தி நாலு வயசு. அந்த ஆபீசுக்கு என்ன வயசு?” என்று கேட்டார்.

காசில்லை என்பது எங்கள் மந்திரத்தின் பலமான பாதுகாப்பாக இருந்தது. அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. சிதம்பரத்தில் ஒன்று உண்டு. 2023-ல் எங்கள் புதுக்கோட்டையிலேயே ஒன்றைத் திறந்துவிட்டார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. தனியார் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குக் கேஸ் தேவை என்பதால் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். இனி நேரமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. பதினொரு வயது, விழுந்து முளைத்த பல். அம்மா சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியத் தயாரானார். அது பால் பல்லுக்கான சடங்கு. என் மனைவி எங்கிருந்தோ படித்து வைத்திருந்தாள். வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து எடுத்தாள், தேய்க்கவில்லை, ஒரு டம்ளர் பச்சைப் பாலில் போட்டாள், நாற்பது நிமிஷத்தில் கிளினிக்கில் இருந்தாள். டாக்டரம்மா அதை அதே இடத்தில் வைத்துக் கம்பி கட்டினார். பிடித்துக்கொண்டுவிட்டது. எங்கள் குடும்ப வரலாற்றில் போன பல் திரும்பி வந்தது இதுவே முதல் தடவை.

அன்று ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்து மகளின் வாயைத் திறக்கச் சொன்னேன். அவளுக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம். பால் பற்கள் வரிசையாக இருந்தன. கீழே, வலது கோடியில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு புதுப்பல்லின் மூலை வெள்ளையாகத் தெரிந்தது. எந்தப் பல்லும் விழவில்லை. பள்ளங்களுக்குப் பூச்சு வைக்க அடுத்த மாதம் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஆறு வயதில் யாராவது இருந்தால், இதைப் படித்த கையோடு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள்.